வண்டிக்கும் ஒரு வாடகை

புனேயில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மும்பைப் பயணம் புதிதல்ல. மாட்டுங்காவில் ஒரு கல்யாணம், சண்முகானந்தா ஹாலில் ஒரு கச்சேரி, பரேலில் டாடா மருத்துவமனை, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் அமெரிக்க விசா என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். சுமார் 150 கிலோமீட்டர்தானே என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். 2002இல் எக்ஸ்பிரஸ்வே முழுவதும் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பழக்கம் நம்மிடம் நன்றாகவே ஊறிவிட்டது.

கிளம்பும்முன் பெட்ரோலுக்குக் கணக்குப் போடுகிறோம். டோலுக்குப் போடுகிறோம். எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு வழிக்கு 320 ரூபாய் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அறை வாடகையை நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஆனால் கார் ராத்திரி எங்கே தூங்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்கும் மும்பையில் வாடகை உண்டு. சில இடங்களில் அது மனிதர் வாடகையில் கால் பங்கு.

இரண்டு வருடமாக இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் சேர்ந்திருக்கிறது. நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். குடும்பத்தில் வண்டி ஓட்டுபவர் என் கணவர். கணக்குப் பார்ப்பவள் நான்.

இடம் ஏன் இல்லை?

ஓட்டல்காரர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அது பாதி நியாயம்தான். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அதன்பின் 1898இல் நகரைச் சீரமைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். தாதர், மாட்டுங்கா பகுதிகள் அவர்கள் திட்டமிட்டுப் பிரித்த மனைகள். அகலமான தெரு, மரம், பூங்கா எல்லாம் யோசித்தார்கள். வீட்டுக்கு ஒரு கார் வரும் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்? பிறகு எழும்பிய மூன்று நான்கு மாடிக் கட்டடங்களிலும் கீழே கார் நிறுத்த இடம் கிடையாது. அந்தக் கட்டடங்களில் சில இன்று லாட்ஜ், ஓட்டல் என்று ஆகியிருக்கின்றன. பதினைந்து அறை இருக்கும். நாலு கார் நிற்கும். அந்த நாலு இடத்துக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு கல்யாணமும் ஒரு பாட்டியும்

சென்ற தை மாதம் என் நாத்தனார் மகளுக்கு மாட்டுங்காவில் கல்யாணம். என் மாமியாருக்கு வயது 79. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். ரயில் நிலையத்துப் படிக்கட்டு அவருக்கு ஆகாது. ஆகவே கார்தான் என்று முடிவாயிற்று. கல்யாண மண்டபத்துக்கு அருகே ஒரு ஓட்டலில் அறை கேட்டோம். வாடகை 3,200 என்றார்கள். பரவாயில்லை என்று நினைக்கும்போதே, "பார்க்கிங் தனி. ஒரு ராத்திரிக்கு 800, அதுக்கு மேல டாக்ஸ்" என்று போனில் சொன்னார் அந்த மனிதர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

பார்க்கிங்குக்குத் தனியாக பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 800 என்பது 944 ஆயிற்று. இரண்டு ராத்திரிக்கு 1,888 ரூபாய்.

மாமியார் வெற்றிலையைக் கீழே வைத்தார். "கார் தூங்கறதுக்கா ஆயிரத்து எண்ணூறு? நான் வரதாலதானே காரு. நீங்க ரெண்டு பேரும் ரயில்ல போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன். தாலி கட்டறத போன்ல காட்டுங்க, போதும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெகு சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. முதல் பேத்தியின் கல்யாணம். ஆறு மாதமாக அந்தப் பெண்ணுக்கு என்ன புடவை, யார் மாலை எடுத்துக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தவர், ஒரு பார்க்கிங் ரேட்டைக் கேட்டதும் தன்னைச் செலவுக் கணக்கில் சேர்த்து அடித்துவிட்டார். பெரியவர்கள் இப்படித்தான். நாம் ரூபாயைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். அவர்கள் தங்களைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள்.

"அத்தை, நீங்க இல்லாம அங்க யாரு ஆசீர்வாதம் பண்றது? காரை நான் பாத்துக்கறேன், நீங்க புடவையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

சொந்தக்காரர் வீட்டு இடம்

முதலில் நாத்தனாரே போன் செய்தாள். "அண்ணி, எதுக்கு ஓட்டலுக்குக் காசு? எங்க பில்டிங்லயே போட்டுக்கலாம். செக்ரட்டரிகிட்ட இவர் பேசிக்கிறேன்னார்."

நல்ல மனசுதான். ஆனால் அவள் குரலில் இருந்த இழுப்பு எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டடத்தில் பதினாறு குடும்பம். ஆறு கார் நிற்கிற இடம். முறை வைத்து நிறுத்துகிறார்கள். நாம் இரண்டு ராத்திரி நிறுத்தினால் வேறு ஒருவர் தெருவில் அலைய வேண்டும். கல்யாண வீடு. விருந்தாளிகளுக்குத் தண்ணீர், லிஃப்ட், மாடியில் பந்தல் என்று ஏற்கனவே அக்கம்பக்கத்தாரிடம் நூறு உதவி கேட்டிருப்பாள். நூற்றியோராவதாக நம் கார் எதற்கு?

இதில் சட்டமும் கொஞ்சம் உண்டு. மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தையும் திறந்தவெளியையும் கட்டியவர் தனியாக விற்க முடியாது. அவை குடியிருப்போருக்குப் பொது என்பது அதன் சாரம். ஆக, நம் உறவினர் 'என் இடம்' என்று சொல்வது பல கட்டடங்களில் எல்லோருக்கும் பொதுவான இடமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் காபி சாப்பிட்டு வரலாம். இரண்டு ராத்திரி என்றால் அந்த இலவசத்தின் விலையை நாம் ஊர் திரும்பிய பிறகு அவர்கள் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நாத்தனாரிடம் வேண்டாம் என்று சொன்னேன். "சரி அண்ணி" என்றாள், உடனே.

கூட்டிப் பார்த்தால் தெரியும்

அடுத்து வேறு ஓட்டல்களுக்குப் போன் செய்தேன். ஒரு இடத்தில் வாடகை 3,900. பார்க்கிங் அதிலேயே அடக்கம் என்றார்கள். முதல் ஓட்டலைவிட 700 ரூபாய் அதிகம் என்று என் கணவர் முகம் சுளித்தார். இரண்டையும் எழுதிக் காட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்.

முதல் ஓட்டல்: 3,200, அதற்கு வரி 160, பார்க்கிங் 944. மொத்தம் 4,304 ரூபாய்.

இரண்டாவது ஓட்டல்: 3,900, வரி 195. மொத்தம் 4,095 ரூபாய்.

ராத்திரிக்கு 209 ரூபாய் மிச்சம். இரண்டு ராத்திரிக்கு 418. மண்டபத்திலிருந்து ஐந்து நிமிட நடை கூடுதல். ஆனால் வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். மாமியாரிடம், "அத்தை, இங்க கார் நிறுத்தக் காசே கிடையாது" என்றேன். பொய் இல்லையே! அவர் உடனே எழுந்து பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தார்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது இதுதான். அறை வாடகையை மட்டும் வைத்து ஓட்டலை ஒப்பிடாதீர்கள். அறை, வரி, பார்க்கிங், பார்க்கிங்குக்கு வரி, நாலையும் கூட்டி ஒரு தொகையாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். கார் இல்லாதவருக்கு மலிவான ஓட்டல், கார் உள்ளவருக்கு மலிவாக இருக்க வேண்டியதில்லை.

போனிலேயே கேட்க வேண்டியவை

"பார்க்கிங் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் "உண்டு" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வி போதாது. நான் கேட்கும் கேள்விகள் இவை:

1. இடம் உங்கள் காம்பவுண்டுக்குள்ளா, தெருவிலா? சில இடங்களில் ஆள் வந்து சாவியை வாங்கிப்போய்த் தெருவோரத்தில்தான் நிறுத்துகிறார். அதற்கு நமக்கு எதற்கு ஓட்டல் கட்டணம்?

2. கட்டணம் ஒரு ராத்திரிக்கா, 24 மணி நேரத்துக்கா? காலை எட்டு மணிக்குப் போய் மறுநாள் பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினால் அது ஒரு நாளா, இரண்டு நாளா?

3. நடுவில் வண்டியை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வரலாமா? அப்போது இடம் இருக்குமா, மறுபடி கட்டணமா?

4. இரும்புத் தட்டில் ஏற்றி ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தும் அமைப்பா? அப்படியானால் எங்கள் வண்டியின் உயரத்துக்கும் எடைக்கும் இடம் கொடுக்குமா? பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

5. சொன்ன கட்டணம் வரியுடனா, வரி தனியா?

பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியவர் வேறு, போய் இறங்கும்போது கவுன்டரில் இருப்பவர் வேறு. எழுத்து இருந்தால் வாக்குவாதம் இல்லை. இரண்டு ராத்திரி தங்குகிறோம், பார்க்கிங்கை வாடகையோடு சேர்த்துவிடுங்கள் என்று முன்பதிவின்போதே கேட்பதிலும் தவறில்லை. சேர்த்துவிட்டவர்கள் உண்டு. வாசலில் வண்டியோடு நின்றுகொண்டு கேட்டால் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது

வாலே பார்க்கிங் பற்றி ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1998இல் டெல்லியில் ஒருவர் தம் மாருதி ஜென் காரில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போனார். சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நள்ளிரவு தாண்டி வெளியே வந்தால் கார் இல்லை. வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு ஓட்டல் மீது வழக்குப் போட்டது. 'உங்கள் பொறுப்பில் நிறுத்துகிறீர்கள்' என்று சீட்டில் அச்சடித்திருக்கிறோமே என்றது ஓட்டல். வழக்கு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சாவியையும் வண்டியையும் வாங்கிக்கொண்ட பிறகு அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது ஓட்டலின் கடமை. தகுந்த கவனம் எடுத்துக்கொண்டோம் என்று காட்டாமல், சீட்டில் ஒரு வரி அச்சடித்துவிட்டுக் கை கழுவ முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே அந்தச் சின்னச் சீட்டைத் தொலைக்காதீர்கள். கொடுக்கும்முன் வண்டியை நாலு பக்கமும், கிலோமீட்டர் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகை, பணம், சீர்வரிசைச் சாமான் எதையும் வண்டியில் விடாதீர்கள். நாமே நிறுத்திப் பூட்டிச் சாவியை நாமே வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இதே அளவுக்கு வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

தெருவோரம்

மாநகராட்சியின் கட்டண நிறுத்தங்களில் பகலில் ஓரிரு மணி நேரம் நிறுத்துவது நியாயமான வழி. ரசீது கேட்டு வாங்குங்கள். ராத்திரிக்கு இது சரிப்படாது. நம் புனேயில் பழகிய ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதிப் பலகைகள் மும்பைத் தெருக்கள் சிலவற்றிலும் உண்டு. ராத்திரி சரியான பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குவோம். பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறிவிடும், காலையில் அதே பக்கம் தப்பான பக்கம். இழுத்துப்போகும் வண்டிக்கு நம் கல்யாண முகூர்த்தமெல்லாம் தெரியாது. 2019 ஜூலையில் பொது நிறுத்தங்களுக்கு அருகே தெருவில் நிறுத்தும் கார்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஓட்டல் கேட்கும் 800 அதற்குமுன் தர்மம்.

கார் ஊருக்குள் வர வேண்டுமா?

பெரியவர்களும் கைக்குழந்தையும் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். விசா இன்டர்வியூவுக்கு நாங்கள் இருவர் மட்டும் போனபோது காரை வீட்டிலேயே விட்டுவிட்டோம். 1930 முதல் ஓடும் டெக்கான் குவீன் முதல் சிம்மகட் வரை நமக்கு ரயிலுக்குக் குறைவில்லை, தாதரிலேயே இறங்கலாம். தாதர் போகும் ஷிவ்நேரி பேருந்தும் உண்டு. 2023 மார்ச் முதல் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். தாதரிலிருந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் மூன்றாவது மெட்ரோ நிறுத்தம். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை செல்லும் அந்தத் தடம் 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்துவிட்டது. விசா அலுவலகத்துக்குள் போனோ பையோ கொண்டுபோக முடியாது. அவற்றை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போனோம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. சென்ற ஆண்டு பரேலில் சிகிச்சைக்கு வந்திருந்த உறவினரைப் பார்க்கப் போனோம். வழியில் நெரூலில் ஒரு நண்பர் வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது, சாமானும் இருந்தது. நவி மும்பையின் ரயில் நிலையங்களை சிட்கோ விசாலமாகக் கட்டியிருக்கிறது. வாஷிக்கு ரயில் வந்ததே 1992இல்தான். காரை மனதில் வைத்துக் கட்டிய ஊர் அது. நிலையத்தை ஒட்டிய கட்டண நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, ரயிலேறி, குர்லாவில் மாறிப் பரேல் போய்விட்டோம். ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: ராத்திரி வண்டி நிற்கலாமா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? குர்லாவில் மாறுவதற்குப் படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் வாஷியிலேயே டாக்சி பிடித்துவிடலாம். மும்பைக்குள் ஆட்டோ சயன், பாந்த்ராவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், மாட்டுங்காவுக்கு டாக்சிதான்.

காரோடுதான் போகிறீர்கள் என்றால் ஒரு நல்ல செய்தி. 2024 அக்டோபர் முதல் வாஷி, ஐரோலி, முலுண்ட், தஹிசர் நுழைவுகளில் கார்களுக்கு டோல் கிடையாது. அடல் சேதுவில் போனால் ஒரு வழிக்கு 250 ரூபாய். மாட்டுங்காவுக்கு வாஷி, செம்பூர், சயன் வழியே போதும். அந்த 250ஐ பார்க்கிங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

இருவர் போனால் ரயில். சாமானும் இரண்டு இடத்து வேலையும் இருந்தால் வாஷி வரை கார். நடக்க முடியாத பெரியவர் கூட வந்தால், வாசல்வரை கார். அதற்கு உண்டான வாடகையை முகம் கோணாமல் கொடுத்துவிடுவது. இதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

மலிவான இடம் தேடுவது நல்ல குணம்தான். நாமெல்லாம் பிழைக்க வந்த ஊரில் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்து வீடு கட்டியவர்கள். ஆனால் அந்தத் தேடலைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, பெரியவர்கள் காதில் விழாமல் முடித்துவிடுங்கள். பார்க்கிங் கட்டணத்தை அடுத்த மாதம் வேறு செலவில் ஈடு கட்டிக்கொள்ளலாம். பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு முறைதான்.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் தங்கி வந்த நம் உறுப்பினர்கள், எந்த இடத்தில் வண்டி நிறுத்த வசதி, என்ன கட்டணம் என்று சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.